புல்லட் என்ஜின் வேலை: காஸ்ட் பிஸ்டனா, ஃபோர்ஜ்டு பிஸ்டனா? ராமநாதபுரம் கடலோரத்துக்கான முழு வழிகாட்டி

பழைய இரும்பு பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) புல்லட்டை என்ஜின் வேலைக்குப் பிரித்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது பிஸ்டனைப் பற்றித்தான். ஃபோர்ஜ்டு போட்டால் இனி அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் என்று இந்தக் கரையில் ஓடுகிற, அசல் அமைப்பு மாறாத புல்லட் 350-க்கு நல்ல காஸ்ட் பிஸ்டன்தான் சரி. ஃபோர்ஜ்டு உண்மையாகவே தேவைப்படும் வண்டிகளும் உண்டு. உங்கள் வண்டி எந்தப் பக்கம் என்பதை ஊர்ப்பேச்சை வைத்துத் தீர்மானிக்காமல், அளந்து பார்த்துத் தீர்மானியுங்கள். அதற்கான படிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

1955-இல் சென்னையில் கூட்டத் தொடங்கியது முதல் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக அமைந்த யூசிஇ என்ஜின் வரும்வரை, புல்லட் 350-இன் அடிப்படை அளவு மாறவே இல்லை: போர் (பிளாக்கின் துளை) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 90 மி.மீ., 346 சிசி, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். இங்கே தருகிற கணக்குகள் எல்லாம் இந்த என்ஜினுக்கானவை. அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் யோசிக்கும் முறை இதேதான். ஆனால் அவை தண்ணீரில் குளிரும் என்ஜின்கள், இடைவெளி அளவுகள் வேறு. பழைய ஜாவா, யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இதைப் பின்பற்ற வேண்டாம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்

காஸ்ட் பிஸ்டன் என்பது வார்ப்பு. அலுமினியத்தோடு சுமார் 12 சதவீதம் சிலிக்கானைச் சேர்த்து உருக்கி, அச்சில் ஊற்றி, ஆறியபின் கடைந்து எடுப்பார்கள். சிலிக்கானை 16 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் அது ஹைப்பர்யூடெக்டிக் வகை. இன்னும் கடினமானது, சூட்டில் விரிவது குறைவு, ஆனால் அடி தாங்காது.

ஃபோர்ஜ்டு என்றால் கட்டி உலோகத்தைச் சூடாக்கி, அச்சுக்குள் வைத்துப் பெரிய பிரஸ்ஸில் அழுத்தி எடுப்பது. பட்டறையில் அரிவாள் அடிப்பதுபோல, அழுத்தத்தில் உலோகத்தின் இழை ஒரே சீராகப் படிந்துவிடும். உள்ளே காற்றுக்குமிழி இருக்காது. மிஞ்சிய அடி விழுந்தால் காஸ்ட் பிஸ்டன் விரிசல் விட்டு உடையும். ஃபோர்ஜ்டு வளையும், நசுங்கும், ஆனால் துண்டு துண்டாகப் போவது அரிது.

ஃபோர்ஜ்டு என்று சொல்லி விற்பதிலேயே இரண்டு கலவை உண்டு. கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். 4032 என்ற கலவையில் சிலிக்கான் 12 சதவீதம் அளவில் இருக்கும். 2618 என்ற கலவையில் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை. 2618 அடி தாங்குவதில் கெட்டி, ஆனால் மேற்பரப்பு மென்மையானது, சூட்டில் அதிகம் விரியும். 70 மி.மீ. பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் 4032 சுமார் 0.136 மி.மீ. விரியும், 2618 சுமார் 0.156 மி.மீ. அதே சூட்டுக்கு இரும்பு பிளாக் 0.077 மி.மீ. அளவுதான் விரிகிறது. பிஸ்டனுக்கும் பிளாக்குக்கும் நடுவே இடைவெளி ஏன் விட வேண்டும், 2618-க்கு ஏன் இன்னும் கூடுதலாக விட வேண்டும் என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

அந்தக் கூடுதல் இடைவெளியால்தான் 2618 போட்ட வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் டொக் டொக்கென்று தட்டும். சூடேறியதும் அடங்கிவிடும். பந்தய வண்டியில் அது யாருக்கும் பொருட்டல்ல. தினமும் காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போய்வருகிற வண்டியில், ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) கொஞ்சம் தேய்கிறது.

முதல் படி: பழைய பிஸ்டனைப் படியுங்கள்

கழற்றிய பிஸ்டனை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவுவதற்கு முன் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கழுவிவிட்டால் பாதித் தகவல் போய்விடும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இது. என்ஜினுக்குள் இத்தனை காலம் நடந்தது எல்லாம் அந்த ஒரு துண்டில் பதிந்திருக்கும்.

ஸ்கர்ட் முழுக்க மெல்லிய நேர்க்கோட்டுக் கீறல்கள், தொட்டால் மங்கலான சாம்பல் நிறம் என்றால் மணல் உள்ளே போயிருக்கிறது. நம் கரையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். தனுஷ்கோடி ரோட்டில் காற்று மணலை அள்ளித் தாரின்மேல் போடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஊருக்குள்ளேயே புழுதி அடங்காது. ஏர் ஃபில்டரின் அடிப்பாகத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும், கார்புரேட்டருக்கும் ஃபில்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருந்தாலும், அந்தப் பொடி மணல் நேரே போருக்குள் போகும்.

பிஸ்டன் பின் (பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் கம்பி) போகும் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் நான்கு இடங்களில் இழுத்த தடம் இருந்தால், பிளாக் சூடேறுவதற்குள் பிஸ்டன் விரிந்து பிடித்திருக்கிறது. இடைவெளி போதவில்லை, அல்லது ஸ்டார்ட் பண்ணியதும் முறுக்கியிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் தடம் இருந்தால் பெட்ரோல் குறைவாக, காற்று அதிகமாகப் போய் என்ஜின் சூடாகியிருக்கலாம்.

தலைப்பகுதியின் விளிம்பில் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தாலோ, முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவே உள்ள வரப்பு உடைந்திருந்தாலோ அது நாக்கிங், கலவை தாறுமாறாக வெடித்துப் பிஸ்டனை அடிப்பது. டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) முன்னே போயிருக்கிறது, அல்லது கலவை சரியில்லை. இந்த இடத்தில்தான் பலர் "காஸ்ட் உடைஞ்சிருச்சு, ஃபோர்ஜ்டு போட்ருவோம்" என்று முடிவெடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நாக்கிங்கைச் சரிசெய்யாமல் ஃபோர்ஜ்டு போட்டால் பிஸ்டன் தாங்கும், அடி கனெக்டிங் ராடு பேரிங்குக்குப் போகும். முதலில் பொறியின் நேரத்தைக் காக்கும் பாயிண்ட், அட்வான்ஸ் யூனிட், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் மூன்றையும் பாருங்கள். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ஜெட் அளவு கலவையைக் கொஞ்சம் மெலிதாக்கிவிடும். மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் போட்டு, பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: பிளாக்கை அளந்து பாருங்கள்

பிஸ்டனைத் தீர்மானிப்பது பிளாக்தான். போர் கேஜும் மைக்ரோமீட்டரும் வைத்திருக்கிற இடத்துக்குப் போங்கள். வெர்னியரால் இந்த அளவை எடுக்க முடியாது. மேலே, நடுவில், கீழே என மூன்று உயரம். ஒவ்வொன்றிலும் முன் பின்னாக ஒன்று, இடம் வலமாக ஒன்று. ஆக ஆறு அளவு. ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மேலுக்கும் கீழுக்கும், அல்லது இரண்டு திசைகளுக்கும் இடையே வித்தியாசம் 0.05 மி.மீ.-ஐத் தாண்டினால் வெறும் ரிங் மாற்றிப் பயனில்லை, ரீபோர்தான், அதாவது போரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்.

அடுத்து துரு. வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போனவர்களின் வண்டிகள் இந்தக் கரையில் ஏராளம். தார்ப்பாய் போட்டு மூடி, வருஷக்கணக்கில் வீட்டு முற்றத்தில் நிற்கும். என்ஜின் நின்ற நிலையில் ஒரு வால்வு திறந்திருந்தால் உப்பு ஈரம் உள்ளே போய், ரிங் நின்ற இடத்தில் போரைச் சுற்றி ஒரு கோடாகத் துருவேறும். எமரித்தாள் போட்டுத் தேய்த்தால் நிறம் போகும், குழி போகாது. குழியில் தேங்குகிற ஆயில் எரிந்து புகையாகும். நகத்தால் தடவினால் குழி தட்டுப்படுகிறது என்றால், அது மறைகிற அளவுக்கு ரீபோர் போட்டே ஆக வேண்டும். 0.25 மி.மீ. ஓவர்சைஸில் (அவ்வளவு பெரிய பிஸ்டனுக்கான போரில்) மறைந்துவிடும் என்று நம்பிப் பிஸ்டனை முன்கூட்டியே வாங்காதீர்கள். துருக்குழி பல சமயம் 0.50-க்குக் கொண்டுபோய் விடும்.

ஏற்கெனவே கடைசி ஓவர்சைஸ் வரை போய்விட்ட பிளாக் என்றால் ஸ்லீவ் (போருக்குள் செருகும் குழாய்) போட்டு மறுபடி ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். பழைய பிளாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரம் தெரியாத புது பிளாக் வாங்குவதைவிட, ஒழுங்காக ஸ்லீவ் போட்ட அசல் பிளாக் எவ்வளவோ மேல்.

மூன்றாம் படி: இந்த வண்டியை எப்படி ஓட்டப்போகிறீர்கள்?

ஒரு எளிய கணக்கு. பிஸ்டனின் சராசரி வேகம் என்பது ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, நொடிக்கு எத்தனை சுற்று என்பதாலும் பெருக்கினால் வருவது. 90 மி.மீ. ஸ்ட்ரோக், நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 9 மீட்டர். ஈசிஆரில் நிதானமாகப் போகும் புல்லட் இதை ஒட்டித்தான் சுற்றும். 350-இன் முழு சக்தி வரும் 5625 சுற்றில் கூட 17 மீட்டரை எட்டாது. பந்தய என்ஜின்கள் 20 மீட்டரைத் தாண்டிப் போகின்றன. ஃபோர்ஜ்டு பிஸ்டனின் அருமை தெரிவது அங்கேதான். அசல் 350-இன் கம்ப்ரஷனும் (கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) 7-க்குக் கீழே. இந்தச் சுமைக்கு நல்ல காஸ்ட் பிஸ்டன் தாராளமாகப் போதும். எத்தனையோ வண்டிகள் அதோடுதான் இவ்வளவு காலம் ஓடியிருக்கின்றன.

நம் ரோடும் மேடு பள்ளம் இல்லாத சமவெளி. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர், நடுவே ஏற்றம் என்று பார்த்தால் பாம்பன் ரோடு பாலம் ஒன்றுதான். அங்கே எதிர்க்காற்றில் முழு த்ராட்டிலில் ஏறுவதுதான் இந்தக் கரையில் ஒரு புல்லட் படும் பெரிய கஷ்டம்.

நான்காம் படி: தேர்வு

அசல் கார்புரேட்டர், அசல் ஹெட், அசல் கேம் (வால்வுகளைத் திறந்து மூடுவது), இரண்டு பேர் உட்கார்ந்து ஊர் சுற்றும் வண்டி: காஸ்ட். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இடைவெளி குறைவாக வைக்கலாம், காலையில் தட்டாது, ரிங் பள்ளம் சீக்கிரம் தேயாது. கடைசிக் காரணம் நம் ஊருக்கு மிக முக்கியம். எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் கொஞ்சம் பொடி மணல் போகத்தான் செய்யும். சிலிக்கான் உள்ள கடினமான கலவை அதைத் தாங்குகிற அளவுக்கு மென்மையான 2618 தாங்காது. அடுத்த ரீபோரும் சீக்கிரம் வரும். பழைய இரும்பு பிளாக்குக்கு ரீபோர் எண்ணிக்கை என்பது இருப்பு மாதிரி, எடுத்தால் தீர்ந்துவிடும்.

கம்ப்ரஷனை ஏற்றி, பெரிய கார்புரேட்டர் போட்டு, கேம் மாற்றி, நீண்ட தூரம் வேகமாக ஓட்டப்போகிறீர்கள்: ஃபோர்ஜ்டு, அதிலும் 4032. இந்த அமைப்பில் காஸ்ட் பிஸ்டனைப் போட்டுவிட்டு "ஒன்றும் ஆகாது" என்று ஓட்டுவது வீண் துணிச்சல். மதுரை வரை கைப்பிடியை விடாமல் முறுக்கிப் போகிறவருக்கும் இதுவே.

2618 என்பது டிராக்கில் மட்டும் ஓடி, அடிக்கடி பிரித்துப் பார்க்கப்படுகிற என்ஜினுக்கு. ஊர் வண்டிக்கு வேண்டாம்.

உங்கள் அளவுக்கு ஹைப்பர்யூடெக்டிக் கிடைத்தால், மணலுக்கும் தேய்மானத்துக்கும் அது நன்றாகவே நிற்கும். ஆனால் டைமிங் சுத்தமாக இருக்க வேண்டும். நாக்கிங் அடிக்கிற என்ஜினில் முதலில் உடைவது அதுதான்.

வாங்கும்போது

கணக்கில் பிஸ்டனை மட்டும் சேர்க்காதீர்கள். ரிங், பின், லாக் (பின்னை நகராமல் பிடிக்கும் கிளிப்), ரீபோர், ஹோனிங் (போரின் உள்பக்கத்தைக் கல்லால் தேய்த்து முடிப்பது), கேஸ்கட் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். ஃபோர்ஜ்டுக்கும் காஸ்ட்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். அந்தப் பணத்தில் பாதியைப் போட்டால் நல்ல ஹோனிங், புது வால்வு கைடு, புது ஏர் ஃபில்டர் மூன்றும் ஆகிவிடும். என்ஜினின் ஆயுளுக்கு அவை தருகிற பலன் அதிகம்.

இந்தியா பிஸ்டன்ஸ் சென்னை செம்பியத்தில் 1949-லேயே தொடங்கிய கம்பெனி. நம் மாநிலத்திலேயே தரமான வார்ப்பு நெடுங்காலமாகக் கிடைக்கிறது. எந்த பிராண்டாக இருந்தாலும் விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். பெட்டியைத் திறந்து பிஸ்டன் தலையில் அளவும் அம்புக்குறியும் தெளிவாக இருக்கிறதா, ரிங் பள்ளத்தின் ஓரத்தில் பிசிறு இல்லையா என்று பாருங்கள். இடைவெளி எவ்வளவு என்று எழுதிய தாள் உள்ளே இருக்க வேண்டும். ஃபோர்ஜ்டு வாங்கும்போது அந்தத் தாள் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

எடையையும் பாருங்கள். பழைய பிஸ்டன், பின், ரிங், லாக் எல்லாவற்றையும் சேர்த்து டிஜிட்டல் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். புதியதையும் அப்படியே நிறுத்துங்கள். ஒற்றை சிலிண்டர் என்ஜினில் கிராங்கின் எதிரெடை பழைய பிஸ்டன் எடைக்குத் தகுந்தபடி அமைந்தது. வித்தியாசம் 20 கிராமைத் தாண்டினால் ஏதாவது ஒரு வேகத்தில் ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்டும் உதறும். ஃபோர்ஜ்டு என்றால் எடை குறைவு என்று நினைக்க வேண்டாம், சில வகை கூடுதலாகவும் இருக்கும்.

லேத்தில்

அளந்தபிறகு பிஸ்டனை வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்துக் கொடுங்கள். "தம்பி, பிஸ்டன் கையில இல்லாம போர் போட மாட்டேன்" என்று சொல்கிற மேஸ்திரி கிடைத்தால் அவரை விடாதீர்கள். பெட்டியில் அச்சடித்த எண்ணுக்குப் போர் போடுவது தவறு. கையிலிருக்கும் பிஸ்டனை அளந்து, அதனோடு இடைவெளியைக் கூட்டித்தான் போட வேண்டும். பிஸ்டன் உருண்டையாகவும் இருக்காது, மேலும் கீழும் ஒரே அளவாகவும் இருக்காது. பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக, ஸ்கர்ட்டில் கம்பெனி சொன்ன உயரத்தில் அளக்க வேண்டும்.

ஏர்கூல்டு இரும்பு பிளாக்கில் 70 மி.மீ. காஸ்ட் பிஸ்டனுக்குப் பொதுவாக 0.08 முதல் 0.10 மி.மீ. வரை வைப்பார்கள். 4032 அதை ஒட்டியே வரும். 2618-க்கு 0.10-க்கு மேல். கம்பெனித் தாள் வேறு எண் சொன்னால் தாளைத்தான் கேட்க வேண்டும். பிஸ்டனும் பிளாக்கும் ஒரு ராத்திரி ஒரே அறையில் இருந்தபிறகு அளந்தால் நல்லது. வெயிலில் கிடந்த பிஸ்டனை நிழலில் இருந்த பிளாக்கோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏமாற்றும்.

கடைசி ஹோனிங்கில் குறுக்குக் கோடுகள் தெளிவாக விழ வேண்டும். பளபளவென்று கண்ணாடியாக இருந்தால் ரிங் உட்காராது. வேலை முடிந்ததும் பிளாக்கைச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டு, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரை கழுவி, துடைத்த கையோடு ஆயில் தடவுங்கள். நம் ஊர்க் காற்றில் கழுவிய இரும்பு ஒரு மணிநேரம் வெறுமனே இருந்தால் போதும், சிவந்துவிடும்.

ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகு என்ஜின்கள் கரைக்கு வந்து வேலைக்கு நிற்கிற காலம் அது. அப்போது உங்கள் ஒற்றை பிளாக்கை அவசரப்படுத்திச் செய்யச் சொன்னால் அவசர வேலைதான் கிடைக்கும். முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது

ரிங்கை முதலில் வெறும் போரில் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 70 மி.மீ.-க்கு 0.28 முதல் 0.30 வரை இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும், அரத்தால் கொஞ்சம் தேய்க்க வேண்டும். எழுத்துள்ள பக்கம் மேலே. மூன்று ரிங்குகளின் வாயும் ஒரே கோட்டில் வரக்கூடாது.

பிஸ்டனைச் சூடாக்கினால் பின் தானாக வழுக்கிப் போகும், சுத்தியல் வேண்டாம். லாக் எப்போதும் புதிது. பழைய லாக் நன்றாக இருக்கிறதே என்று போட்டு, அது கழன்று புது போரைக் கிழித்தால் செலவு முழுக்க இன்னொரு முறை.

தலை உயர்ந்த பிஸ்டனாக இருந்தால் வால்வில் இடிக்கிறதா என்று பார்க்காமல் கிக்கரை உதைக்காதீர்கள். பிஸ்டன் தலையில் கொஞ்சம் விளையாட்டுக் களிமண்ணை வைத்து, ஹெட்டை மாட்டிக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, கழற்றிப் பாருங்கள். களிமண் நசுங்கிய இடத்தின் கனம்தான் உங்கள் இடைவெளி.

ரன்னிங் இன்: புது பிஸ்டனைப் பழக்குவது

ஸ்டார்ட் பண்ணி ஸ்டாண்டில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். காற்று ஓட்டம் இல்லாமல் பிளாக் சூடாகும், சுமை இல்லாததால் ரிங்கும் உட்காராது. ஒரு நிமிஷத்தில் ரோட்டுக்கு எடுத்துவிட வேண்டும். உச்சிப்புளி, மண்டபம் பக்கம் அதிகாலை ரோடு இதற்கு நல்லது. 40-லிருந்து 55 வரை ஏற்றுங்கள், கைப்பிடியை விட்டு இறங்க விடுங்கள், மறுபடி ஏற்றுங்கள். ஒரே வேகத்தில் போவதும், டாப் கியரில் திணற விடுவதும் கூடாது. முதல் 300 கிலோமீட்டருக்குள் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு பாம்பன் பாலத்தில் எதிர்க்காற்றில் ஏற வேண்டாம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் ராமேஸ்வரத்துக்குள்ளும் போக வேண்டாம். நகராத வண்டி வரிசையில் ஏர்கூல்டு என்ஜினுக்கு மூச்சு முட்டும்.

20டபிள்யூ-50 ஆயில் போதும். முதல் ஆயிலை 200 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலில் மெல்லிய வெள்ளிப் பொடி இருந்தால் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிகிற துணுக்கு இருந்தால் ஹெட்டைத் திறந்து பாருங்கள்.

வண்டி நிற்கப்போகிறது என்றால்

விடுமுறை முடிந்து திரும்பப் போகிறவர்களுக்காக இது. பெட்ரோல் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பழைய ஆயிலை மாற்றுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி ஆயில் விட்டு, சாவி போடாமல் நாலைந்து முறை மெதுவாகக் கிக்கரை அழுத்துங்கள். பிளக்கை மாட்டியபின் கிக்கர் கெட்டியாக நிற்கும் இடத்துக்கு வாருங்கள். டீகம்ப்ரஸரை (வால்வைத் திறந்து அழுத்தத்தை விடும் நெம்புகோல்) பிடித்துக்கொண்டு லேசாக ஒரு தள்ளு தள்ளினால், இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டன் மேலே நிற்கும். சைலன்சர் வாயில் ஆயிலில் நனைத்த துணியை அடைத்து, அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்க விடுங்கள். எடுக்க மறக்காமல் இருக்கும்.

வீட்டில் தம்பியோ மச்சானோ வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிஷம் ஓட விட்டு நிறுத்துவது வழக்கம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்தினால் உள்ளே வேர்த்த தண்ணீர் அப்படியே ஆயிலில் கலந்துவிடும். எடுத்தால் 15 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.